விலைக்கு வாங்கிய கை

கமலவேணியின் கையைப் பற்றி அதுவரை யாரும் குறை சொன்னதில்லை. அவள் மாமியார்கூடச் சொன்னதில்லை. அந்த அம்மாள் குறை சொல்லாத பொருள் அந்த வீட்டில் வேறு எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட கையைப் பார்த்து, புதுச்சேரி உப்பளம் பகுதியில் ஒரு வீட்டு மாடியில், ஒரு புதன்கிழமை காலை, சிவசங்கரி சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. படத்துல கை மட்டும் கொஞ்சம் டல்லா இருக்கு. லைட்டா பிரைட் பண்ணிடலாமா?"

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆரம்பிக்கிற பேச்சில், சரியாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கப்போகிறது?

"கையா மேடம்?"

"கைதான்க்கா. பை சூப்பரா வந்திருக்கு."

"பையைத்தானே மேடம் விக்கிறோம். கையை யாரு வாங்கப்போறா?"

"அதான் நானும் சொல்றேன். கை கண்ணுலயே படக்கூடாது. பார்க்கிறவங்களுக்கு ஒரு பிரீமியம் ஃபீல் வரணும்."

கமலவேணி தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். நாற்பத்து நான்கு வயதுக் கை. சோறாக்கி, துணி துவைத்து, இரண்டு பிள்ளைகளுக்குத் தலை வாரி, மீதி நேரத்தில் சம்பாதித்தும் போட்ட கை. அதில் பிரீமியம் ஃபீல் எங்கிருந்து வரும்? அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

சிவசங்கரி பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள். அப்பா வீட்டு மாடியில் இணையக் கடை திறந்து மூன்று வருஷம் ஆகிறது. கைவேலைப் பொருள் மட்டும்தான். களிமண் கிண்ணம், பனையோலைக் கூடை, சோப்பு, நூலில் பின்னிய குரோஷேப் பை. டவுனிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இருக்கும் பெண்கள் செய்து கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தக் கடைக்கு வாசற்படியும் இல்லை, கண்ணாடி அலமாரியும் இல்லை. படம்தான் கடை. அந்தப் படத்தை எடுப்பதும், வெட்டுவதும், அளவு வைப்பதும், இணையத்தில் ஏற்றுவதும், வாங்கியவர்கள் கேட்பதற்குப் பதில் அனுப்புவதும் கமலவேணி. மேடம் என்று கூப்பிடப்படுகிறவள் வேறொருத்தி, அவ்வளவுதான்.

கமலவேணி முதலியார்பேட்டைக்காரி. பிறந்ததும் அங்கே, வாழ்க்கைப்பட்டதும் அங்கே, இரண்டு வீட்டுக்கும் நடுவில் நான்கு தெரு. பிளஸ் டூ முடித்த கையோடு டவுனில் பலராமன் என்பவரின் ஸ்டூடியோவில் சேர்ந்தாள். கொஞ்ச நாளைக்கு என்று சேர்ந்த வேலை பதினாறு வருஷம் ஓடியது. லாமினேஷன் மெஷினில் கையைச் சுட்டுக்கொள்வதில் ஆரம்பித்து, கம்ப்யூட்டரில் படத்தைத் திருத்துவது வரை வந்தாள். பாஸ்போர்ட் படங்கள் முழுக்க அவள் பொறுப்பு. புதுச்சேரியில் அது லேசுப்பட்ட வேலை இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஓர் அளவு, பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டுக்கு வேறு அளவு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுச் சொல்தா பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "மத்மசேல், போன தடவை வேற கடையில எடுத்தேன், செல்லாதுன்னுட்டாங்க" என்பார்கள். முகவாயிலிருந்து உச்சந்தலை வரை முப்பத்திரண்டு மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, முப்பத்தாறைத் தாண்டக்கூடாது. கமலவேணி வெட்டிக் கொடுத்த படம் ஒன்றுகூடத் திரும்பி வந்தது கிடையாது. பலராமன் ஸ்கேல் வைத்துச் சரிபார்ப்பதையே விட்டுவிட்டார்.

அந்த ஸ்டூடியோவில் அவளுக்குப் பிடிக்காத வேலை ஒன்று இருந்தது. கல்யாண ஆல்பத்தில் பெண்ணை வெளுப்பாக்குவது. பெண் வீட்டாரே பின்னால் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம்மா, இன்னும் கொஞ்சம்" என்பார்கள். அவளும் மவுஸைத் தேய்த்துத் தேய்த்துச் சுண்ணாம்பு அடித்தாற்போல் ஆக்கிக் கொடுப்பாள். ஒருநாள் வில்லியனூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி தன் ஆல்பத்தை வாங்கிப் புரட்டிவிட்டு, "அக்கா, இது யாரு?" என்று கேட்டாள். கேலிக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள். கமலவேணிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனை பெண்களின் முகத்தை இந்தக் கையால் அழித்தோம் என்று நினைத்து நினைத்துப் பொருமினாள். அதற்காக வேலையை விட்டுவிட முடிந்ததா? முடியவில்லை. ஆளுக்கொரு போன் வந்து, ஸ்டூடியோவே மூடிய பிறகுதான் அதிலிருந்து தப்பினாள்.

சில வருஷம் வீட்டோடு இருந்துவிட்டுச் சிவசங்கரியிடம் சேர்ந்தபோது கமலவேணிக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. கிண்ணத்தை யாரும் வெளுப்பாக்கச் சொல்ல மாட்டார்கள் அல்லவா?

வேலையை அவள் கட்டியெழுப்பிய விதத்தைச் சொல்ல வேண்டும். மாடியில் வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. அதன் அடியில் மேசை போட்டு, வெள்ளை சார்ட் பேப்பரைச் சுவரிலிருந்து மேசை வரை மடியாமல் வளைத்து ஒட்டினாள். எதிர்ப்பக்கம் நிழல் விழாமலிருக்க ஒரு தெர்மாகோல் பலகை. ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரைதான் படம் எடுப்பாள். அதற்குமேல் எதிர்வீட்டு மஞ்சள் சுவரின் நிறம் உள்ளே வந்துவிடும், வெள்ளை நூல் வெண்ணெய் நிறமாகிவிடும். எடுத்த படத்தைச் சதுரமாக வெட்டி, இரண்டாயிரத்துக்கு இரண்டாயிரம் புள்ளிக்குச் சுருக்கி, ஓரத்தில் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு ஏற்றுவாள். நூலின் நிறம் திரையில் எப்படியோ, கையில் வாங்கும்போதும் அப்படியே இருக்க வேண்டும். அதில் அவளுக்கு ஒரு வெறி உண்டு.

அளவுதான் முதலில் பெரிய தலைவலியாக இருந்தது. பொருளுக்குக் கீழே சென்டிமீட்டர் கணக்கை எழுதி வைத்தாலும் யாரும் படிப்பதில்லை. ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து எடுத்துப் பார்த்தாள். போலீஸ்காரர்கள் கைப்பற்றிய சாமான் மாதிரி இருந்தது. ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தாள். வெளிநாட்டில் இருப்பவனுக்கு நம் நாணயம் என்ன தெரியும்? கடைசியில் தன் இடது கையால் பொருளைப் பிடித்து, வலது கையால் படம் எடுத்தாள். கை எல்லாருக்கும் தெரியும். கையைப் பார்த்தவுடன் பொருளின் அளவு தானாகப் புரிந்துவிடும். அன்றிலிருந்து, "எவ்வளவு பெரிசு?" என்ற கேள்வியே நின்றுபோனது. மூன்று வருஷமாக அந்தக் கடையின் அளவுகோல் கமலவேணியின் இடது கைதான்.

அந்தக் கையைத்தான் டல் என்றாள்.

"கையை மட்டும் பிரைட் பண்ண வராது மேடம்" என்றாள் கமலவேணி. வரும். அவளுக்கு வராதா? "நான் பண்ண மாட்டேன்" என்பதைத்தான் மரியாதையாகச் சொன்னாள்.

சிவசங்கரி வற்புறுத்தவில்லை. அவளுடைய நல்ல குணம் அது, கெட்ட குணமும் அதுதான். வெள்ளிக்கிழமை ஒரு படத்தை அனுப்பிவைத்தாள். படம் விற்கிற இணையதளம் ஒன்றில் விலைக்கு வாங்கிய கை. நீளநீளமான விரல்கள், ரோஜா நிற நகங்கள், ரத்த ஓட்டம் இருப்பதே தெரியாத வெளுப்பு. அந்தக் கை ஒரு காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தது. கோப்பையை எடுத்துவிட்டு நம் பொருளைப் பொருத்த வேண்டும். முதலில், கடைக்குப் பை பின்னிக் கொடுக்கும் ஜரினாவின் குரோஷேப் பை.

"பாருங்கக்கா, உங்களுக்கும் வேலை மிச்சம்" என்றாள் சிவசங்கரி.

வேலை மிச்சமாம். யார் பெற்ற பெண்ணின் கையோ, எந்தக் குளிர்தேசத்தில் கோப்பையைப் பிடித்த கையோ! அது இந்த ஊரில் பின்னிய பையைப் பிடிக்கலாம். பையை மூன்று வருஷமாகப் பிடித்த கை பிடிக்கக்கூடாது. கமலவேணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்து, கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்து பார்த்தால், பை அந்தக் கைக்குள் நிற்கவில்லை. பை ஒன்பது சென்டிமீட்டர் அகலம். சில்லறை போட, இயர்போன் சுருட்டிவைக்க, அவ்வளவுதான். கோப்பையைப் பிடித்த விரல்களோ அகலமாக விரிந்திருந்தன. சரியான அளவில் வைத்தால் பை விரலைத் தொடாமல் நடுவில் தொங்கிற்று. இனி இரண்டே வழி. மேடத்திடம் போய் இந்தக் கை ஆகாது என்று சொல்வது ஒன்று. பையைப் பெரிதாக்கி விரலில் முட்டக் கொண்டுவருவது இன்னொன்று.

கமலவேணி பையைப் பெரிதாக்கினாள். பதின்மூன்று சென்டிமீட்டர் பை போல ஆகும் வரை இழுத்தாள். பதினாறு வருஷம் மில்லிமீட்டர் பார்த்த கண்ணுக்கு அது தெரியாமலா இருக்கும்? நன்றாகத் தெரிந்தது. 'என் கை வேண்டாம் என்றாய் அல்லவா, உன் ஆசைப்படியே ஆகட்டும், பட்டால்தான் தெரியும்' என்று ஒரு கறுவல். யார் படப்போகிறார்கள் என்று மட்டும் அவள் நினைத்துப் பார்க்கவில்லை. கோபம் கண்ணை மறைக்கும் என்பார்களே, அவளுக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது, ஜரினாதான் மறைந்துபோனாள்.

படம் ஏறியதும் பை நன்றாக விற்றது. சிவசங்கரி வாயெல்லாம் பல்லாக, "பாத்தீங்களாக்கா?" என்றாள். மூன்றாவது வாரம் வசவு வர ஆரம்பித்தது. 'போன் நுழையவில்லை' என்று ஒருவர். 'பொம்மைக்குச் செய்த பையை அனுப்பிவிட்டீர்களா?' என்று இன்னொருவர். 'படத்தில் ஒன்று, கையில் வேறொன்று, ஏமாற்று வேலை' என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார். மொத்தம் ஒன்பது பேர். ஒருவரும் கீழே எழுதியிருந்த அளவைப் படித்ததாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஜரினா வந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை அவள் முறை. முல்லா வீதிப் பக்கம் வீடு. கணவர் அப்துல் கையூம் நூல், பட்டன், ஜிப் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பு கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் வகுப்பில் ஜரினா குரோஷே படித்தாள். அதிகம் பேசாத பெண். உதடு மட்டும் எந்நேரமும் அசைந்துகொண்டிருக்கும், பின்னுகிறபோது கண்ணி எண்ணி எண்ணி வந்த பழக்கம். நாற்பது கண்ணியில் ஆரம்பித்தால் நாற்பதில்தான் முடிப்பாள். மூன்று வருஷத்தில் அவள் பையை யாரும் அளந்து வாங்கியதில்லை. எண்ணி வாங்குவார்கள், அவ்வளவுதான்.

சிவசங்கரி அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இதமாகத்தான் ஆரம்பித்தாள்.

"ஜரினாக்கா, பை ஏன் இப்பல்லாம் சின்னதாயிடுச்சு?"

"சின்னதாவா? இல்லியே மேடம். எப்பவும் போடுறதுதான்."

"கஸ்டமர் ஒன்பது பேரு சொல்றாங்களே. ஒருத்தர் சொன்னா பரவாயில்ல." திரையை அவள் பக்கம் திருப்பினாள். "இங்க பாருங்க, உங்க பைதான். படத்துல எவ்ளோ பெருசா இருக்கு? இப்ப நீங்க கொண்டாந்திருக்கிறதைப் பாருங்க."

ஜரினா படத்தைப் பார்த்தாள். மடியிலிருந்த பையை எடுத்துப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். தன் பையைத் தன் கண்ணாலேயே பார்க்கிறபோது என்ன சொல்லி மறுப்பாள்?

"ஆமா மேடம். படத்துல பெருசாத்தான் இருக்கு" என்றாள் மெதுவாக. "என் கை இறுகிப்போச்சு போல. வயசானா கை இறுகும்னு சிஸ்டர் சொல்வாங்க. நூலை இழுத்துப் பிடிச்சா கண்ணி சின்னதாயிடும். எனக்கே தெரியாம இறுகிப்போச்சு போல. இனிமே பெருசா போட்டுத் தரேன் மேடம்."

கமலவேணி அதே அறையில், நான்கடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். இப்போது சொன்னால், வேண்டுமென்றே செய்தாயா என்று மேடம் கேட்பாள். ஆமாம், வேண்டுமென்றேதானே செய்தாள்? ஜரினா போனதும் மேடத்திடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஜரினா பையையெல்லாம் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

அவள் போனதும் சிவசங்கரி சொல்லச் சொல்ல, ஒன்பது பேருக்கும் கமலவேணிதான் பதில் அனுப்பினாள். 'வருந்துகிறோம். பொருளைச் செய்தவரின் தவறால் அளவு குறைந்துவிட்டது. இனி நடக்காது.' இங்கிலீஷில் நாலு வரி. ஒருமுறை அடித்து, ஒன்பது இடத்தில் ஒட்டினாள். எல்லாரும் படிக்கும்படி, ஒவ்வொரு வசவுக்கும் கீழே.

மறுநாள் துணிந்து பேச்சை எடுத்தாள். "மேடம், பை சின்னதாகல. படம்தான் பெருசு. அந்தக் கையில பொருந்தணும்னு நான்தான் பதிமூணு சென்டிமீட்டர் வரைக்கும் இழுத்தேன்."

சிவசங்கரி நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தால், யோசித்தாள். யோசித்துவிட்டுச் சொன்னதுதான் கமலவேணிக்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

"சரி விடுங்கக்கா. அந்தப் படம்தான் நல்லா போகுது, அதை இப்ப எடுக்க முடியாது. ஜரினாக்கா எப்படியும் பெருசா போட்டுத் தரேன்னுட்டாங்க. பதிமூணு சென்டிமீட்டர்ல போடட்டும். பிரச்சினை முடிஞ்சுது இல்ல?"

"அவங்க மேல தப்பே இல்லியே மேடம்."

"தப்புன்னு யாரு திட்டினது? தண்ணி குடுத்து உக்கார வெச்சுதானே பேசினேன்?"

படத்தைச் சின்னதாக்க அரை மணி நேரம் போதும். அதற்கு மனசில்லை. ஒருத்தி நூலும் நேரமும் கூடப் போட்டு, கைப்பழக்கத்தையே மாற்றிக்கொண்டு பையைப் பெரிதாக்க வேண்டும். அதற்கு ஒரு டம்ளர் தண்ணீர். கமலவேணிக்கு உச்சந்தலை வரை கொதித்தது. கொதித்து என்ன பிரயோசனம்? வேலை போய்விட்டால் கொதிப்பை வைத்தா அடுப்பெரிக்க முடியும்? ஒரு நாள், இரண்டு நாள் என்று பத்து நாள் ஓடிவிட்டது. ஒவ்வொரு நாளும் சிவசங்கரியை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஏசியதில் தன் பங்கு தீர்ந்துவிட்ட மாதிரி ஒரு திருப்தியும் வந்தது. அந்தத் திருப்தியைத்தான் மன்னிக்க முடியவில்லை என்று பிற்பாடு தன் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை ஜரினா போன் செய்தாள்.

"அக்கா, உங்களத்தான் கேக்கணும். புதுசா பெரிய ஊசி வாங்கிப் போட்டுப் பாத்தேன். அளவு வருது, ஆனா தொளதொளன்னு இருக்கு, காசு போட்டா கண்ணி வழியா விழுந்துடும். பழைய ஊசியிலயே கையைத் தளர்த்திப் போட்டா, ஒரு பக்கம் பெருசு ஒரு பக்கம் சின்னது. பன்னெண்டு பை போட்டுப் பிரிச்சுட்டேன்க்கா. பழைய பையெல்லாம் நீங்கதானே படம் எடுத்தீங்க, அப்ப என் கை எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"வீட்டுக்கு வரேன்" என்றாள் கமலவேணி. அலமாரியில் படத்துக்காக எடுத்துவைத்திருந்த மாதிரிப் பையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டியை எடுத்தாள்.

ஜரினாவின் வீட்டுக் கூடத்தில், பாயின் மேல், பிரித்த நூல் குவியலாகக் கிடந்தது. பிரித்த நூல் புதுநூல் போல நேராக இருப்பதில்லை; நெளிநெளியாகச் சுருண்டு, மறுபடி பின்னினால் மேடும் பள்ளமுமாக வரும். அதை நீவி நீவிப் பந்தாகச் சுற்றிக்கொண்டிருந்தாள் ஜரினா. கட்டைவிரல் ஓரம் சிவந்து தோல் உரிந்திருந்தது. ஆட்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தாள்.

கமலவேணி மாதிரிப் பையை எடுத்து, ஜரினா அன்று திரும்பக் கொண்டுவந்த பை ஒன்றின் மேல் வைத்தாள். இரண்டும் ஓரத்தோடு ஓரம் ஒட்டி நின்றன.

"படத்துல இருக்கிறது இந்தப் பைதான் ஜரினா. உன் கை இறுகவே இல்ல. நான்தான் கம்ப்யூட்டர்ல பெருசாக்கினேன்."

நடந்ததை எல்லாம் சொன்னாள். கை டல் என்றது, விலைக்கு வாங்கிய கை, விரலில் முட்டும் வரை இழுத்தது, மேடம் சொன்ன பதில். சொல்லச் சொல்ல அவளுக்கே ஆவேசம் வந்துவிட்டது. "இன்னா அநியாயம் பாரு! நம்ம கை அவங்களுக்கு ஆகலியாம்!" என்றாள். ஜரினாவும் கூடச் சேர்ந்து கொதிப்பாள், இரண்டு பேருமாக மேடத்தை ஒரு வழி பண்ணலாம் என்று நம்பியிருந்தாள் போலும்.

ஜரினா பந்தைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"என்னது?"

"மேடம் என்னைக் கேட்டப்ப நீங்க அங்கதானே இருந்தீங்க. அப்பவே தெரியுமா?"

கமலவேணி தலை குனிந்தாள்.

"என் கையை நானே சந்தேகப்பட்டேன்க்கா" என்றாள் ஜரினா. குரல் உயரவில்லை. "பதினஞ்சு வயசுலேர்ந்து ஊசி பிடிக்கிறேன். இந்தப் பத்து நாளா ஒரு கண்ணி போட்டா, இது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. ஆஸ்பத்திரிக்குப் போயி நரம்பு பாக்கலாமான்னு அவரு கேக்கிறாரு. நீங்க உங்க கையை ஒருத்தி டல்லுன்னு சொன்னதுக்கு இம்மாங் கோவப்படுறீங்க. என் கையை இல்லாமலே பண்ணிட்டு, பத்து நாளு சும்மா இருந்திருக்கீங்க."

"வேலை போயிடுமோன்னு..."

"என் வேலை?"

கமலவேணி அழுதாள். ஜரினா சமாதானம் செய்யவில்லை. "எங்கிட்ட வந்து அழுதா ஆச்சா?" என்றாள். "செஞ்சவ தப்புன்னு ஊருக்கே எழுதிப் போட்டிருக்கீங்களாமே. நிதா படிச்சுக் காட்டுச்சு. எங்க எழுதினீங்களோ அங்க எழுதுங்க." நிதா அவள் மகள், காலேஜில் படிக்கிறாள். அம்மாவைப் பற்றி எழுதிய நாலு வரியை மகளே படித்துக்காட்டியிருக்கிறாள்.

மறுநாள் சனிக்கிழமை, ஒன்பதரைக்கு, கமலவேணி ஜன்னலைத் திறந்து தெர்மாகோலை நிறுத்தினாள். ஜரினாவின் மாதிரிப் பையை இடது கையில் பிடித்தாள். பதினாறு முறை எடுத்து, ஒன்றைத் தேர்ந்தாள். சதுரமாக வெட்டினாள், இரண்டாயிரத்துக்குச் சுருக்கினாள், கையின் நிறத்தைத் தொடவில்லை. வாங்கிய கையை இறக்கிவிட்டு அதை ஏற்றினாள். பிறகு ஒன்பது வசவுக்கும் கீழே போய், பழைய நாலு வரியை அழித்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தட்டினாள். இந்தத் தடவை ஒட்டவில்லை. ஒன்பது முறையும் விரலால் அடித்தாள். 'பையின் அளவு சரி. செய்தவர் மேல் தவறு இல்லை. படத்தில் பையைப் பெரிதாக்கிக் காட்டியது நான். பையைத் திருப்பி அனுப்ப விரும்பினால் அனுப்பலாம். கமலவேணி, படம் எடுப்பவள்.'

பக்கத்து அறையில் சிவசங்கரியின் போன் ஒன்பது முறை கூவியது. எழுந்து வந்தாள்.

"இன்னாக்கா இது? நம்ம கடையே பொய் சொல்லிச்சுன்னு எழுதியிருக்கீங்க!"

"சொன்னோம் இல்ல மேடம்?"

"என்னைக் கேட்டுட்டுச் செய்யக்கூடாதா? எல்லாத்தையும் எடுங்க. இப்பவே."

"நீங்க எடுங்க மேடம். பாஸ்வேர்டு உங்ககிட்டயும் இருக்கு. நான் எடுக்க மாட்டேன்."

"அப்ப வேலை வேணாமா?"

கமலவேணி மேசையைப் பிடித்துக்கொண்டாள். "வேணும் மேடம். வீட்டுல என் சம்பளம் இல்லாம ஆகாது, உங்களுக்கே தெரியும். ஆனா அந்தப் பொண்ணு பன்னெண்டு பையைப் போட்டுப் போட்டுப் பிரிச்சிருக்கு. விரல்ல தோல் இல்ல. நீங்க இந்த ஒன்பது பதிலையும் எடுக்கிறதா இருந்தா, முதல்ல முல்லா வீதிக்குப் போயி அந்த விரலைப் பாத்துட்டு வந்து எடுங்க. அதுக்கப்புறம் என்னைப் போன்னா போறேன்."

சிவசங்கரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்தாள். மவுஸின் மேல் கை வைத்தாள். முதல் பதிலைப் படித்தாள், இரண்டாவதைப் படித்தாள். எல்லாம் ஒரே வாசகம்தான், இருந்தாலும் ஒன்பதையும் படித்தாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முல்லா வீதிக்கு அவள் போகவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமை காலை கமலவேணி கம்ப்யூட்டரைத் திறந்தாள். பாஸ்வேர்டு மாறவில்லை. ஒன்பது பதிலும் இருந்தன. படமும் இருந்தது. சிவசங்கரி வந்தாள், "குட் மார்னிங்க்கா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். வேலையும் இருக்கிறது என்று கமலவேணி புரிந்துகொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று ஒரு நினைப்பு வந்தது. மறுக்கவேண்டியதில்லை, வந்தது.

பத்து மணிக்கு ஜரினா படியேறி வந்தாள். பையிலிருந்து இருபது பைகளை எடுத்து மேசையின் மேல் அடுக்கினாள். எல்லாம் அன்று திரும்பக் கொண்டுபோன, பழைய ஊசியில் போட்ட ஒன்பது சென்டிமீட்டர்ப் பை.

"பாத்தியா ஜரினா, எல்லாத்தையும் எழுதிட்டேன்" என்றாள் கமலவேணி. "நிதாவைப் படிச்சுக் காட்டச் சொன்னியா?"

"படிச்சுது."

"எண்ணி வெச்சுக்கிறேன், நீ உக்காரு."

"எண்ண வேணாம்க்கா" என்றாள் ஜரினா. உட்காரவில்லை. "அளங்க."

"உன் பையை நான் எதுக்கு அளக்கணும்? மூணு வருஷத்துல ஒரு தடவை..."

"மூணு வருஷம் அளக்கல. இனிமே அளங்க. நான் நிக்கும்போதே அளங்க. ஒவ்வொண்ணா."

கமலவேணி அவள் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மேசை டிராயரைத் திறந்து ஸ்கேலை எடுத்தாள். முதல் பையை வைத்தாள், ஒன்பது. இரண்டாவதை வைத்தாள், ஒன்பது. ஜரினா மேசைக்கு எதிரே நின்று, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் கமலவேணி 'ஒன்பது' என்று வாய்விட்டுச் சொல்லும் வரை அடுத்த பையை நகர்த்தவில்லை. இருபதாவது பையும் ஒன்பதுதான்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு ஜரினா."

"ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றாள் ஜரினா.

கமலவேணி எழுதி, கையெழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள். ஜரினா அதை ஒருமுறை படித்து, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினாள்.